ஒரு சாய்கோட்டில் இருந்த ஓட்டை

போன மாதம் கவிதா வீட்டுக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கையில் ஒரு பை நிறைய பழம், வாய் நிறைய செய்தி. நிரல்களைப் படித்துப் பார்த்து அதில் உள்ள ஓட்டைகளைக் கண்டுபிடிக்கிற புதுக் கருவி ஒன்று வாங்கியிருக்கிறார்களாம். பழைய நிரல்களை எல்லாம் அதற்குள் கொட்டிவிட்டு இவள் கோப்பி வாங்கப் போனாளாம். திரும்பி வருவதற்குள் எல்லா ஓட்டையையும் வரிசைப்படுத்தி வைத்திருந்ததாம். "ஆப்பரேட்டர் ரூம் பிரவுசர்ல இருந்த ஓட்டைய நீங்க எப்பிடிக்கா புடிச்சீங்க? அப்ப இந்த மாதிரி ஒன்னும் இல்லயே" என்று கேட்டாள். கேட்டதோடு விடாமல், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படிப்பதற்கு அதை எழுதித் தரவும் சொன்னாள். வந்து பேசுங்கள் என்று கூப்பிடவில்லை. பேச விட்டால் நான் திட்டத் தொடங்கிவிடுவேன் என்ற பயமாக இருக்கலாம்.

சரி, எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஜொகூர் பாருவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அது போதும்.

நான் பெக்கான் நானாஸ்காரி. அப்பா அன்னாசித் தொழிற்சாலையில் டின்னுக்கு மூடி போடுகிற பகுதியில் இருந்தார். நான் படித்தது, டிப்ளோமா வாங்கியது, முதல் வேலையில் நாளெல்லாம் பில் தட்டியது, இவற்றில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எல்லாரையும் போலப் படித்தேன், எல்லாரையும் போலத் திட்டு வாங்கினேன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. அதை நாட்டுப்பற்று என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. விடியுமுன் எழுந்து அந்தப் பாலத்து நெரிசலில் நிற்கிற பொறுமை எனக்குக் கிடையாது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் எனக்குத் தலைவராக வாய்த்தவர் அந்தோணி சார். குளுவாங்காரர், ரயில்வே குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவற விட மாட்டார். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டியிருப்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எவ்வளவு சாந்தமான மனிதர் என்று மற்ற பிரிவுகளில் மெச்சுவார்கள். மெச்சியவர்கள் யாரும் அவருக்குக் கீழே வேலை பார்த்ததில்லை. கத்துகிற ஆளை எப்படியாவது சமாளித்துவிடலாம். கத்தாத ஆளை ஒன்றும் செய்ய முடியாது.

அவரிடம் ஒரு முறை இருந்தது. எங்கள் பிரிவில் யார் எதை எழுதினாலும், வாய்விட்டு வாசித்த பிறகுதான் அது பயன்பாட்டுக்குப் போகும். எழுதினவர் வாசிக்கக் கூடாது, இன்னொருவர் வாசிக்க வேண்டும். எழுதினவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். அந்தோணி சார் திரையைப் பார்க்க மாட்டார். அடுத்தவர் விசைப்பலகையில் கை வைக்கவும் மாட்டார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி, "வாசி" என்பார். உள்ளே என்ன வருகிறது, அதை எங்கே வைக்கிறோம், அங்கிருந்து எங்கே கொண்டு போகிறோம் என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்து வைக்கிற வரி வந்தால் இரண்டு கேள்வி கேட்பார். எவ்வளவு இடம் இருக்கு? எவ்வளவு வருது? பதிலில் "நெனைக்கிறேன்" என்ற சொல் வந்துவிட்டால் எழுந்து போய்விடுவார். தெரிந்த பிறகு கூப்பிடு என்று அர்த்தம்.

கண் தனக்கு வேண்டியதைப் படிக்கும், வாய் எழுதியிருப்பதைத்தான் படிக்கும் என்று ஒரே ஒரு முறை விளக்கம் சொன்னார். எனக்கு அப்போது அது எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு சின்ன பில் நிரலுக்கு ஒரு காலைப் பொழுது முழுக்க வாசித்துத் தொண்டை கட்டிக்கொண்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அவர் ஏன் இடத்தைப் பற்றியே கேட்டார் என்பதைத் தொழில் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடலாம். ஒரு பெயரை வைத்துக்கொள்ள நிரல் ஓர் இடம் ஒதுக்கும். அந்த இடத்தைவிட நீளமான பெயர் வந்தால் சில நிரல்கள் நிறுத்தாது. பக்கத்து இடத்திலும் சேர்த்து எழுதிக்கொண்டே போகும். பக்கத்து இடத்தில் இருப்பதோ, இந்த வேலை முடிந்ததும் அடுத்து எங்கே போக வேண்டும் என்று இயந்திரம் தனக்காகக் குறித்து வைத்திருக்கிற குறிப்பு. அதன்மேல் கண்டதும் விழுந்தால் நிரல் மடங்கி விழும். விவரம் தெரிந்தவன் வேண்டுமென்றே அளந்து எழுதினால், அவன் சொல்கிற இடத்துக்கு இயந்திரம் போகும். டிபன் கேரியரில் மேல் தட்டு சாம்பார் வழிந்தால் கீழ்த்தட்டுச் சோற்றில் இறங்கும். இங்கே கீழ்த்தட்டில் இருப்பது வீட்டுச் சாவி.

இனி முருகையாவைப் பற்றி. ஆஸ்பத்திரியின் தொலைபேசி ஆப்பரேட்டர் அவர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டது. பண்டார் தெங்காரா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்து, பார்வையற்றோருக்கான பயிற்சி நிலையத்தில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தவர். மனைவி செல்வி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். ஆஸ்பத்திரியில் அவருக்கு நிரந்தர வேலை இல்லை, வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். அழைக்கிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: எங்கள் ஆள் எந்த வார்டில் இருக்கிறார்? முருகையா அதைப் பார்த்துச் சொல்லி அந்த வார்டுக்கு இணைப்பைக் கொடுக்க வேண்டும். 'பார்த்து' என்று அவரே சொல்வார், நாங்களும் சொல்வோம், அதில் அவருக்கு வருத்தம் கிடையாது.

நோயாளிகளின் விவரம் எல்லாம் கணினிப் பக்கத்துக்கு மாறியபோது சிக்கல் வந்தது. எல்லாரும் பயன்படுத்துகிற உலாவியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் படமும் பொத்தானும்தான் இருந்தன. திரையில் இருப்பதை முருகையாவுக்குப் படித்துச் சொல்கிற குரல் மென்பொருள், "பட்டன், பட்டன், பட்டன்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்தோணி சார் சில நாள் ஆப்பரேட்டர் அறையிலேயே போய் உட்கார்ந்து கேட்டார். பிறகு படமே காட்டாத, எழுத்தை மட்டும் வரி வரியாகக் காட்டுகிற பழைய உலாவி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். இலவசம், நிரலைத் திறந்து நாமே மாற்றிக்கொள்ளலாம். குரல் அதைத் தடையில்லாமல் படித்தது. முருகையா அதை வைத்துக் கேட்கிற வேகத்தில் எங்கள் காதுக்குக் கொசு ரீங்காரம் மாதிரிதான் இருக்கும். அவருக்கு அதில் ஒரு பெயரும் தப்பாது.

தப்பியது ஒன்றே ஒன்று. இந்த நாட்டில் நம் ஆட்களின் அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் மகனாக இருந்தால் ஏ/எல், மகளாக இருந்தால் ஏ/பி என்று போட்டிருப்பார்கள். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம். நமக்குப் பழகிப்போனது. குரல் மென்பொருளுக்கு அது தெரியுமா? "ஏ சிலாஷ் எல்", "ஏ சிலாஷ் பி" என்று சொல்லும். அந்த வேகத்தில் எல்லும் பியும் ஒன்றுபோலக் கேட்கும். ஒரு நாள் ஒரு மகன் தன் அம்மாவைத் தேடி அழைத்திருக்கிறார். அம்மா பெயர் ஜெயா. ஆண்கள் வார்டிலும் ஒரு ஜெயா இருந்தார், அப்பா பெயரும் கிட்டத்தட்ட அதே. முருகையா அங்கே இணைப்பைக் கொடுத்துவிட்டார். அந்த ஜெயா அன்று காலையில்தான் தவறியிருந்தார். தாதி ஒரே வரியில் சேதியைச் சொல்லி வைத்துவிட்டாள். மகன் அலறியடித்துக்கொண்டு வந்து பார்த்தால், அம்மா கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். மகன் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. முருகையா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அது நடந்த வாரக் கடைசியில் அந்தோணி சார் தனியாக ஆபீசுக்கு வந்து ஒரு துண்டு நிரல் எழுதி உலாவியில் சேர்த்தார். சாய்கோடு வருகிற இடத்தில் சுருக்கத்தை எடுத்துவிட்டு முழுச் சொல்லையும் போட்டுவிடும். திங்கட்கிழமை காலையில் முருகையா எங்கள் பிரிவுக்கு போன் போட்டு, சிரிப்பை அடக்க முடியாமல், "சார், மெஷினு மனுசனாட்டம் பேசுது" என்றார். அதற்குப் பிறகு எந்த ஜெயாவும் மாறவில்லை. பல வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது.

நோய்த்தொற்றுக் காலம் வந்தது. பார்க்க வருகிறவர்கள் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் முன்கூட்டியே பெயரைப் பதிந்துவிட்டு வர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பதிகிற பெயர், அந்த நோயாளியின் பெயருக்குக் கீழே ஆப்பரேட்டரின் பக்கத்திலும் தெரியும். ஒரு பெட்டியில் ஒரு பெயர் என்று அங்கே தெளிவாகத்தான் எழுதியிருந்தது. நம் ஆட்கள் கேட்பார்களா? ஒருத்தருக்கு உடம்பு முடியவில்லை என்றால் வேன் பிடித்து வருகிற சனம் நாம். ஒரே பெட்டியில் குடும்பத்தையே ஏற்றினார்கள்.

ஒரு நாள் மதியம் முருகையா கூப்பிட்டார். "அக்கா, இவன் ஒரு பேர பாதி சொல்லிட்டு வாய மூடிட்டான். என்னா செஞ்சாலும் எந்திரிக்க மாட்றான்." அணைத்துப் போடச் சொன்னேன். போட்டார், அதே பெயரில் அதே இடத்தில் மறுபடியும் நின்றது. நேரில் போய்ப் பார்த்தேன். பாக்கியம் என்று ஒரு பாட்டி. பார்க்க வருகிறவர்கள் என்ற இடத்தில் அவருடைய ஐந்து மகள்களும் ஒரே வரியில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்திக்கும் ஏ/பி, ஒவ்வொருத்திக்கும் அதே அப்பா பெயர்.

அந்த ஒரு வரியை அழித்ததும் குரல் திரும்ப வந்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கைகழுவிவிட்டு சாயா குடிக்கப் போயிருப்பார்கள். எனக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. அந்த வரியை எங்கள் பிரிவில் இருந்த சோதனைக் கணினிக்கு எடுத்துப் போனேன். அங்கேயும் விழுந்தது. அதைவிட நீளமான ஒரு மலாய்க் குடும்பத்தைப் போட்டுப் பார்த்தேன். உலாவி அளந்து, மிஞ்சியதை வெட்டி, மிச்சத்தை ஒழுங்காகப் படித்தது. அப்படியானால் பிரச்சினை நீளம் இல்லை. ஐந்து மகள்களையும் திரும்பப் போட்டு சாய்கோடுகளை மட்டும் எடுத்தேன். படித்தது. சாய்கோட்டைச் சேர்த்தேன். விழுந்தது. எங்கே தேட வேண்டும் என்று அப்போது தெரிந்துவிட்டது.

அந்தோணி சார் எழுதிய துண்டைத் திறந்து, பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் வாய்விட்டு வாசித்தேன். வருகிற பெயரை அளக்கிறது. இடத்துக்கு மேல் இருந்தால் வெட்டுகிறது. அதற்குப் பிறகுதான் சுருக்கத்தை விரிக்கிறது. விரித்ததை அதே அளவு இடத்தில் வைக்கிறது. அளக்கும்போது மூன்று எழுத்தாக இருந்த ஏ/பி, வைக்கும்போது பதினான்கு எழுத்தாகிவிடுகிறது. ஒரு மகளாக இருந்தால் தாங்கும். ஐந்து மகள்களைத் தாங்கவில்லை. அளந்துவிட்டு விரித்திருக்கிறார், விரித்துவிட்டு அளந்திருக்க வேண்டும்.

விழுவதோடு போனால் அது வெறும் கோளாறு. வேண்டுமென்றே உள்ளே வர முடியுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் இல்லாத ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து, வழிகிற எழுத்துகள் நான் நினைத்த இடத்தில் நான் நினைத்தபடி விழுகிற மாதிரி பெயர்களை அடுக்கினேன். பல முறை தவறியது. கடைசியில் சோதனைக் கணினியின் குரல், நான் சொல்லச் சொன்னதைச் சொன்னது. "சூடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா என்று அது மலாயில் கேட்டது. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். அந்தப் பெட்டியில் உலகத்தின் எந்த மூலையில் இருப்பவனும் பெயர் எழுதலாம். ஆப்பரேட்டர் அறைக் கணினி ஆஸ்பத்திரியின் உள்வலையில் இருந்தது. அதைப் பிடித்தவன் நோயாளிகளின் பதிவு வரைக்கும் போகலாம்.

கவிதாவுக்கு வேண்டிய பதில் இவ்வளவுதான். ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்கும் அதிக நேரம் ஆகவில்லை. அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் நாளானது.

இப்படி ஒன்று தெரிந்தால் அன்றே பாதுகாப்புக் குழுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த நிரலை உடனே நிறுத்த வேண்டும் என்பது விதி. குழுவின் தலைவர் நிர்வாகத் தலைமை அதிகாரி புவான் சல்மா, மலாய் அம்மையார். ஆப்பரேட்டருக்குப் பதில் தானாகவே பதில் சொல்கிற தொலைபேசி போடலாம் என்ற யோசனை அவருடைய மேசையில் ஏற்கனவே இருந்தது, எல்லாருக்கும் தெரியும். உலாவி போனால் முருகையாவுக்குப் படிக்க ஒன்றும் இருக்காது. ஒப்பந்தம் முடியும் வரை சலவைப் பகுதியில் துணி மடிக்க அனுப்புவார்கள். முடிந்த பிறகு வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒப்பந்தம் முடிய அதிக நாள் இல்லை.

அந்தோணி சாருக்கும் ஓய்வு பெறச் சில மாதங்கள்தான் இருந்தன. அவர் அறைக்குப் போய், ஒன்று வாசிக்க வேண்டும் என்றேன். யார் எழுதியது என்று கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கையை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். நான் வாசித்தேன். பெயர் வருகிறது, அளக்கிறது, வெட்டுகிறது. வழக்கமான இரண்டு கேள்வியையும் கேட்டார், பதில் சொன்னேன், சரி என்றார். விரிக்கிற வரி வந்தது. விரித்ததை எடுத்து வைக்கிற வரி வந்தது.

"இப்ப எவ்வளவு இடம் இருக்கு?"

"அதே இடந்தான் சார்."

"எவ்வளவு வருது?"

கேட்ட உடனேயே அவர் கண்ணைத் திறந்தார். தன்னுடையது என்று முதல் சில வரிகளிலேயே தெரிந்திருக்கும், தன் கை தனக்குத் தெரியாதா? ஆனாலும் கடைசி வரி வரைக்கும் வாசிக்க விட்டார்.

"இத யாரு வாசிச்சா?" என்றார்.

"யாரும் வாசிக்கல சார்."

தலையை ஆட்டினார். எத்தனையோ பேரின் தொண்டையைக் கட்ட வைத்த மனிதர், வாழ்க்கையில் ஒரே ஒரு துண்டை யாரிடமும் வாசிக்கக் கொடுக்காமல் போட்டிருக்கிறார். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த ஒரு ஆளுக்காக அவசரப்பட்டுப் போட்டது அது.

இரண்டு வரி மாற்றினால் போதும், மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அவர், ஓட்டையை மூடிவிடலாம், ஆனால் இவ்வளவு காலமாக அதன் வழியாக யாராவது வந்து போனார்களா என்று பார்க்க வேண்டாமா, அதைப் பார்க்கிற அதிகாரம் குழுவுக்குத்தானே இருக்கிறது என்றார். சொன்னது நியாயம். நியாயம் என்று தெரிந்ததால் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"அப்ப முருகையா? அவரு சோத்துல மண்ண அள்ளிப் போடவா சார் இத எழுதுனீங்க?"

அப்படி யாரும் அவரிடம் பேசியதில்லை. ஏற்கனவே மாட்டியிருந்த மணிக்கட்டுப் பொத்தானை மறுபடியும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ரிப்போட்ட நீ எழுது. எழுதுன ஆளு பேரையும் போடு" என்றார். யோக்கியன் என்ற பேர் இவருக்கு, துணி மடிக்கிற வேலை அவருக்கா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டுதான் அந்த அறிக்கையை எழுதினேன்.

குழு கூடுவதற்கு முன்னால் அந்தோணி சார் ஆப்பரேட்டர் அறைக்குப் போனார். நான் வாசலில் நின்றேன். மூன்றே வாக்கியம். அந்த அனாக் லெலாக்கி நான் எழுதியது, அதில் ஓட்டை இருக்கிறது, அதனால் உன் மெஷினை நிறுத்தப் போகிறார்கள். அதற்குள் ஒரு அழைப்பு வந்தது. முருகையா அதை எடுத்து, பதமாகப் பேசி, வார்டுக்குக் கொடுத்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றினார்.

"அப்ப நான் சார்?"

"தெரியலப்பா."

"ரெண்டும் பொட்டப் புள்ளைங்க சார். செல்விகிட்ட நான் என்னான்னு போய் சொல்றது?"

மேலும் ஓர் அழைப்பு வந்தது. முருகையா ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

குழுவில் புவான் சல்மா கடுமையாகப் பேசவில்லை. நோயாளிகளின் விவரம் வெளியே போயிருந்தால் அவர்கள் முகத்தில் யார் போய் முழிப்பது என்று கேட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அந்தோணி சார் எழுந்து, பிழை உலாவியில் இல்லை, நான் சேர்த்த துண்டில் இருக்கிறது, ஆப்பரேட்டர் மேல் ஒரு தவறும் இல்லை என்று மலாயில் சொன்னார். என் துண்டை எடுத்துவிடுங்கள், வருகையாளர் பதிவை ஆப்பரேட்டர் பக்கத்திலிருந்து துண்டித்துவிடுங்கள், மிச்சத்தை வெளியாளை வைத்துச் சோதித்துப் பாருங்கள், உலாவியை மட்டும் தூக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். சோதனை முடியும் வரை எல்லாவற்றையும் நிறுத்துங்கள், பிறகு முடிவு சொல்கிறேன் என்றார் புவான் சல்மா. மறுநாள் முருகையா சலவைப் பகுதிக்குப் போனார். ஆப்பரேட்டர் அறைக்கு ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள்.

பிறகு வந்த வாரங்களை நினைக்கவே பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் இதுவரை வந்த பெயர்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருந்தது. எழுதினவர் வாசிக்கக் கூடாது என்பது அவருடைய விதி. அதனால் நான் வாசித்தேன், அவர் வாயை மூடிக்கொண்டு கேட்டார். நாளெல்லாம் பெயர்கள். மதியத்தில் தனியாகக் கிளம்பிப் போவார். சலவைப் பகுதியில் முருகையாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார் என்று தாதிகள் சொல்லித்தான் தெரியும். என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டதற்கு, ஒன்றும் பேசுவதில்லை, இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான் என்றார்கள். என் கோபம் எந்த நாளில் இறங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. எப்போதோ இறங்கிவிட்டது.

வாசித்து முடித்தோம். கெட்ட எண்ணத்தோடு யாரும் வந்திருக்கவில்லை. அந்த ஓட்டையைத் தொட்டவர்கள் எல்லாருமே அம்மாவைப் பார்க்க வந்த மகள்கள்தான். வெளியிலிருந்து வந்து சோதித்தவர்களும், அந்தத் துண்டு இல்லாத உலாவியில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். புவான் சல்மா சொன்ன முடிவு: உலாவி இருக்கலாம், அதில் நம் கை படக் கூடாது. முருகையாவின் ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தார். தானியங்கித் தொலைபேசியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தோணி சாருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அத்தனை வருட வேலையில் அவர் வாங்கிய ஒரே எச்சரிக்கை.

துண்டை நான்தான் எடுத்தேன். எடுத்ததை வேறொருவர் வாசித்தார். முருகையா தன் நாற்காலிக்குத் திரும்பிய முதல் நாள் காலையில் நான் பக்கத்தில் இருந்தேன். "ஏ சிலாஷ் பி" என்றது குரல். மனசு கஷ்டமாக இருந்தது. இன்னொரு ஜெயா வந்தால் என்ன செய்வது என்று பயமும் இருந்தது. முடியுமா என்று கேட்டேன். "வேகத்த கொறச்சிக்கிறேன்கா. பரவால்ல" என்றார். குறைத்துக்கொண்டார். அன்று முதன்முறையாக அந்தக் குரல் சொன்னது எனக்கும் புரிந்தது.

அந்தோணி சாரின் கடைசி நாளில் விருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மதியம் கேன்டீனில் நானும் அவரும் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஆஸ்பத்திரியின் ஒலிபெருக்கியில் டாக்டர்களைக் கூப்பிடுவார்கள், விளக்கு எரிகிற காரின் சொந்தக்காரரைக் கூப்பிடுவார்கள். எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டதே இல்லை. அன்றைக்கு ஒலிபெருக்கி திறந்தது. முருகையாவின் குரல், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"பெர்ஹாத்தியான். என்சிக் அந்தோணி அனாக் லெலாக்கி சவரிமுத்து. சிலா கெ பிலிக் ஆப்பரேட்டர்."

கவனிக்கவும், சவரிமுத்து மகன் திரு அந்தோணி ஆப்பரேட்டர் அறைக்கு வரவும் என்று அர்த்தம். வார்டு, மருந்தகம், சலவைப் பகுதி, எல்லா இடத்திலும் கேட்டிருக்கும். அந்தோணி சாரின் முகம் வெளுத்துவிட்டது. கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அத திரும்பப் போட்டுட்டியா? யாரு வாசிச்சா?"

"நான் ஒன்னும் போடல சார். மெஷினு இன்னும் சிலாஷுன்னுதான் சொல்லுது. அவராத்தான் விரிச்சிச் சொல்றாரு. வந்த நாள்லருந்து எல்லாப் பேரயும் அப்பிடித்தான் சொல்றாரு."

அவர் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தார். அது ஒரு முறை சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. பிறகு கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஆப்பரேட்டர் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. லிப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஏறிப் போனார்.